மனச்சிதைவு நோயாளிகள் ஏன் மாத்திரையை நிறுத்துகிறார்கள்?

1977-இல் ஜெருசலேமைச் சேர்ந்த பெல்மேக்கர், வால்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், நோயாளிகளுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் மருந்தைத் தங்களுக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். அளவு 5 மில்லிகிராம். இருவருக்கும் எந்த மனநோயும் கிடையாது. பத்து நிமிடத்துக்குள் யோசனை மந்தமானது, உடல் அசைவு குறைந்தது, கூடவே உள்ளுக்குள் கடுமையான ஒரு பரபரப்பு. தூக்கம் வரவில்லை, பதற்றம்தான் வந்தது. வேலையைப் பாதியில் விட்டுப் போனவர்கள் 36 மணி நேரத்துக்கு மேல் திரும்பவில்லை. அவர்கள் எழுதிவைத்ததில் ஒரு விஷயம் மிக முக்கியம். படிப்பதையோ போன் செய்வதையோ வீட்டு வேலையையோ தாங்களாகத் தொடங்க முடியவில்லை. ஆனால் யாராவது செய்யச் சொன்னால் செய்ய முடிந்தது.

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் உள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் இதையே வேறு விதமாகக் கேட்கலாம்: “சொன்னா செய்யறான். தானா எதுவும் செய்ய மாட்டேங்கறான்.” வீட்டார் அதைச் சோம்பல் என்பார்கள். மருத்துவர் நோயின் ஒரு பகுதி என்பார். பல நேரம் மருத்துவர் சொல்வது சரிதான், ஆர்வமும் முனைப்பும் வற்றிப்போவது இந்த நோயின் இயல்பு. ஆனால் மருந்துக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்பதை நோயே இல்லாத இருவரின் உடம்பு காட்டிவிட்டது.

மாத்திரையை நிறுத்தியவரை நாம் சாதாரணமாக இரண்டே வகையில் புரிந்துகொள்கிறோம். ஒன்று, அவருக்கு நோய் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இல்லையென்றால் அடம். மூன்றாவது ஒன்றும் உண்டு, அதுவே பரவலானது என்று நான் நினைக்கிறேன்: அந்த மாத்திரை தனக்குள் என்ன செய்கிறது என்பதை அவர் நன்றாகக் கவனித்திருக்கிறார், அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்க மனநல மருத்துவர் தியோடர் வான் புட்டன். ‘மனச்சிதைவு நோயாளிகள் ஏன் மருந்து சாப்பிட மறுக்கிறார்கள்’ என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். 85 நோயாளிகளைக் கவனித்ததில், மறுப்பவர்களுக்கும் ஒரு குறிப்பிட்ட பக்கவிளைவுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது தெரிந்தது. அகத்திசியா என்று அதற்குப் பெயர். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும், நடந்தாலும் அடங்காது. கால் மாற்றி மாற்றி நிற்பார்கள், படுக்கையில் காலை உரசிக்கொண்டே இருப்பார்கள். “உள்ளுக்குள்ள பரபரன்னு இருக்கு, தோலை உரிச்சிட்டு வெளிய வந்துடணும்போல இருக்கு” என்கிற அளவுக்குப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோய் முற்றிவிட்டதாகத் தெரியும். அதனால் மருந்தின் அளவைக் கூட்டுவதும் நடக்கிறது, பரபரப்பும் கூடுகிறது. அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, ப்ரோப்ரனலால் போன்ற ஒரு மாத்திரையைச் சேர்ப்பது என்று இதற்கு வழிகள் உண்டு. ஆனால் அதற்கு முதலில் இது மருந்தால் வந்தது என்று யாராவது கண்டுகொள்ள வேண்டும்.

இந்த மருந்துகள் பிறந்த கதையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. குளோர்ப்ரோமசின்தான் இவற்றில் முதலாவது. பிரெஞ்சு ராணுவ அறுவை மருத்துவர் ஆன்ரி லபோரி, அறுவைச் சிகிச்சைக்கு வரும் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவர்கள் மயங்காமலேயே சுற்றி நடப்பதில் அக்கறையற்றுப் போனதைக் கவனித்தார். மனநோயாளிகளுக்கு உதவும் என்று அவருக்குத் தோன்றியது. 1952-இல் பாரிஸில் சான்தான் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்ற இருவர் கொடுத்துப் பார்த்தார்கள். கூச்சலும் கட்டிப்போடுதலுமாக இருந்த வார்டுகள் அமைதியாயின. அது சின்ன விஷயம் அல்ல. அதற்கு முன்னால் இருந்தவை இன்சுலின் கோமா, மூளையில் கத்தி வைப்பது போன்றவைதான். ஆனால் வெளியிலிருந்து ‘அமைதி’ என்று தெரிந்தது உள்ளே இருந்தவருக்கு என்னவாக இருந்தது என்று அளக்க ஒரு வினாப்பட்டியல் வருவதற்கு 1983 வரை ஆகிவிட்டது. கனடாவில் ஹோகன், அவாத் குழுவினர் உருவாக்கிய 30 வாக்கியங்கள் அவை. மாத்திரை சாப்பிட்டால் களைப்பாக இருக்கிறதா, மனம் இளகியிருக்கிறதா, ஆவி பிடித்த பிணம் மாதிரி உணர்கிறீர்களா, என் விருப்பத்தில்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்வீர்களா என்ற வகையில் போகும். மருந்தை ஆரம்பித்ததும் ஒருவருக்கு எப்படி இருக்கிறது என்ற அந்த அகவுணர்வு, அவர் அதைத் தொடர்வாரா விடுவாரா என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும்.

மருந்து உள்ளே என்னதான் செய்கிறது? டொரன்டோவில் பணியாற்றிய ஷிதிஜ் கபூர் 2003-இல் கொடுத்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள், ‘இது முக்கியம், கவனி’ என்று விஷயங்களுக்கு ஒரு அழுத்தம் கொடுக்கிறது. மனச்சிதைவு முற்றும்போது அந்த அழுத்தம் கண்டபடி விழுகிறது. எதிர்வீட்டு ஜன்னல் மூடும் சத்தம், டீக்கடையில் யாரோ சிரிப்பது, பஸ் நம்பர், எல்லாமே தன்னைக் குறிவைத்தவை ஆகின்றன. மருந்து டோபமைனைத் தடுக்கிறது. நம்பிக்கையை அது அழிப்பதில்லை, அதன் சூட்டைத்தான் தணிக்கிறது. அதனால்தான் குணமாகி வருபவர்கள் பலர் “குரல் இன்னும் கேக்குது, ஆனா முன்ன மாதிரி தொந்தரவு பண்ணல” என்கிறார்கள். அதே தடுப்பு மற்றவற்றின் சூட்டையும் தணிக்கக்கூடும். இளையராஜா பாட்டு பழைய மாதிரி உள்ளே இறங்குவதில்லை, கிரிக்கெட் பார்க்கத் தோன்றுவதில்லை, பண்டிகைச் சாப்பாட்டில் ருசி தெரிவதில்லை. கபூரின் ஆய்வுகளிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது: டோபமைன் வந்து ஒட்டும் ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் தடுக்கப்பட்டால் பலன் தெரிகிறது, 80 சதவீதத்தை நெருங்கும்போது விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. இடைவெளி அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கப் பொறுமையும் நோயாளியின் வாய்மொழியும் வேண்டும்.

ஒரு அரசு மருத்துவமனை ஓ.பி.யை நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பி, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த அம்மா முன்னால் உட்கார்கிறார், பையன் பக்கத்தில். “எப்படி இருக்கான்?” என்று டாக்டர் கேட்கிறார், அம்மாவிடம். “பரவால்ல சார். இப்ப சத்தம் போடறதில்ல. நல்லா தூங்கறான்.” பேனா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மருந்து, இன்னும் ஒரு மாசம். வெளியே எழுபது பேர் காத்திருக்கிறார்கள், டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தப் பையனுக்குச் சொல்ல இருப்பதில் பாதி அம்மாவை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியது அல்ல. ஆண்மை சம்பந்தப்பட்ட பக்கவிளைவை எந்த மகன் அம்மா முன்னால் சொல்வான்? சொல்ல மாட்டான். மாத்திரையை நிறுத்திவிடுவான், காரணம் கேட்டால் “மறந்துட்டேன்” என்பான்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகள் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடுகின்றன. மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றேபோகலாம், குழந்தை இல்லாமலேயே மார்பில் பால் கசியலாம். இப்படி நடக்கலாம் என்று முன்பே சொல்லாவிட்டால் திருமணமாகாத ஒரு பெண் அந்த வீட்டில் என்னென்ன கேள்விகளைச் சந்திப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. ஓலான்சபின் எடுத்துக்கொள்பவர்கள் பலருக்குப் பசி அடங்காது. சில மாதங்களில் உடம்பு பெருத்துப் பழைய ஜாக்கெட் எதுவும் போட முடியாமல் போகும். குளோசபின் வேறு எதற்கும் கட்டுப்படாத நோயைக்கூடப் பிடித்து நிறுத்தும், ஆனால் இரவில் வாயொழுகித் தலையணை நனையும், வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்க முதல் சில மாதங்கள் வாரந்தோறும் ரத்தம் எடுக்க வேண்டும். மருத்துவப் பட்டியலில் இவை ‘பக்கவிளைவுகள்’. சாப்பிடுபவருக்கு வாழ்க்கையில் நேராக வந்து உட்காருபவை.

அப்புறம் கல்யாணம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மணமுறிவுக்கான காரணங்களில் மனநோயைச் சொல்லும்போது ஸ்கிசோஃப்ரினியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையாக இருக்க வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் அந்தத் தீர்ப்பு வீடு வரை வரவில்லை. மாத்திரை அட்டை இங்கே ஒரு சாட்சி. அரிசி டிரம்முக்குள்ளும் சேலை மடிப்பிலும் ஒளித்துவைத்து, மாமியார் தூங்கிய பிறகு விழுங்க வேண்டும். நாத்தனார் ஒரு வாரம் தங்க வந்தால் அந்த வாரம் மாத்திரை நின்றுவிடும். புகுந்த வீட்டுக்குப் போகும்போது “இனிமே வேண்டாம், நிறுத்திடு” என்று பெற்றவர்களே சொல்வதும் உண்டு. இதில் நோயாளியின் மனப்பான்மை என்று தனியாக எதைப் பிரித்து எடுப்பது?

மருந்தை விரும்பாததற்கு நாம் எதிர்பார்க்காத ஒரு காரணமும் உண்டு. மானுடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் குரல் கேட்கும் நோயாளிகள் 20 பேர் வீதம் சந்தித்துப் பேசினார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் தங்களைத் தாக்கும், முகம் தெரியாதவர்களின் குரல்களைப் பற்றிச் சொன்னார்கள். சென்னையில், மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பின் நோயாளிகளில் பலருக்குக் கேட்டவை உறவினர்களின் குரல்கள்: குளி, சமையலைப் பார், வேலைக்குப் போ என்று பெரியவர்கள் சொல்லும் வகையில். திட்டுவதும் உண்டு, ஆனால் வீட்டார் திட்டுவதுபோல. இறந்துபோன அத்தையின் குரல் தினமும் துணைக்கு இருந்து, மருந்து ஆரம்பித்த ஆறாவது வாரத்தில் அது ஓய்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு அது குணம். அவருக்கு வீடு காலியானது. போலீஸ் தன்னைத் தேடுகிறது, தன்னிடம் ஒரு பெரிய ரகசியம் இருக்கிறது என்று பல வருடம் நம்பியவருக்கு அந்த நம்பிக்கை கரையும்போது மிஞ்சுவது வேலையில்லாத, நண்பர்கள் விலகிய முப்பத்தைந்து வயது. நோய் தெளிந்தபின் வரும் இந்தச் சோர்வு அறியப்பட்ட ஒன்று, தற்கொலை எண்ணமும் அப்போது எட்டிப்பார்க்கலாம். “மாத்திரை போட்டுத்தானே நல்லாயிட்டே, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே” என்று கேட்கக் கூடாத நேரம் அது.

நோயை ஒப்புக்கொண்டால்தான் மாத்திரையைத் தொடர்வார் என்பதும் முழு உண்மை அல்ல. தனக்கு நோய் என்பதையே உணர முடியாத நிலை இந்த நோயில் மிகப் பலருக்கு உண்டு, அது அவர்கள் பொய் சொல்வதால் வருவதல்ல. ஆனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கே.எஸ். ஜேக்கபும் சக ஆய்வாளர்களும் கண்டது வேறொன்றையும் சொல்கிறது. இங்குள்ள நோயாளிகள் செய்வினை, கர்மா, நோய் என்று ஒன்றுக்கொன்று முரணான விளக்கங்களை ஒரே சமயத்தில் வைத்துக்கொள்கிறார்கள், கோயிலுக்கும் போகிறார்கள், மருந்தும் சாப்பிடுகிறார்கள். “இது செய்வினைதான் டாக்டர், ஆனா மாத்திரை போட்டா தூக்கம் வருது” என்பவர் அந்த மாத்திரையைப் பல வருடம் தொடரக்கூடும். அந்தத் தூக்கமே அவருக்குப் போதுமான காரணம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததற்குப் பிறகு அங்கே தர்கா பக்கத்திலேயே மனநல மருத்துவம் வந்ததும் இந்த வழியில்தான்: துஆவை, அதாவது பிரார்த்தனையை, நிறுத்தச் சொல்லாமல் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது.

மருந்தைப் பற்றிய நல்ல உணர்வையும் சொல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னதாகும். மாதக்கணக்கில் பயத்தில் தூங்காதவர் ஒரு காலை எழுந்து, தண்ணீர் டம்ளரில் விஷம் இருக்குமோ என்று நினைக்காமல் குடித்துவிட்டுப் பிறகுதான் அதைக் கவனித்தேன் என்று சொல்வார். அதை அனுபவித்தவருக்கு மாத்திரை ஒரு எதிரி அல்ல. எண்களும் அவர் பக்கம் நிற்கின்றன. 2012-இல் லான்செட் இதழில் ஸ்டெஃபான் லாய்ஹ்ட் குழுவினர் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஏறத்தாழ ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதம். ஆனாலும் அமெரிக்காவில் சுமார் 1,500 நோயாளிகளை வைத்து நடந்து 2005-இல் வெளிவந்த கேட்டி ஆய்வில், 74 சதவீதம் பேர் 18 மாதத்துக்குள் தாங்கள் தொடங்கிய மருந்தை விட்டுவிட்டார்கள் அல்லது மாற்ற வேண்டியதாயிற்று. பலன் தருகிற மருந்து, தொடர முடியாத மருந்து, இரண்டும் ஒரே மருந்துதான். ஒரே ஆள் ஒரே வாரத்தில் அதற்கு நன்றியும் சொல்வார், வெறுக்கவும் செய்வார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, இதை வீட்டார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே நோய் வந்துவிடாது. பல நேரம் முதல் சில வாரங்கள் நன்றாகவே இருக்கும். மந்தம் விலகும், முகம் தெளியும், பேச்சில் வேகம் வரும், “பழைய ஆளா மாறிட்டான்” என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அவருடைய அனுபவத்தில் முடிவு தெளிவானது: மாத்திரைதான் பிரச்சினை. நோய் திரும்ப வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதற்குள் வேலையில் ஒரு சண்டை, வீட்டில் ஒரு சாவு என்று ஏதாவது நடந்திருக்கும். பழி அதன்மேல் போகும். நிறுத்தியதற்கும் திரும்பியதற்கும் உள்ள தொடர்பு அவர் கண்ணில் படாததற்கு மூளைக் கோளாறு தேவையில்லை, அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம்.

அப்படியென்றால் வாழ்நாள் முழுக்கவா, இதே அளவிலா? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகமே இன்னும் ஒரே பதிலில் நிற்கவில்லை. 2013-இல் நெதர்லாந்திலிருந்து வுண்டரிங்க் வெளியிட்ட ஆய்வில், முதல்முறை நோய் வந்து தேறியபின் படிப்படியாக மருந்தைக் குறைத்தவர்களில் ஏழு ஆண்டு கழித்து முழுமையாக மீண்டவர்கள் 40 சதவீதம், அதே அளவில் தொடர்ந்தவர்களில் 18 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 103 பேர் மட்டுமே கொண்ட ஆய்வு அது. பத்தாண்டு கழித்து இங்கிலாந்தில் 253 பேரிடம் நடந்த ரேடார் ஆய்வில் வேறு மாதிரி வந்தது. இரண்டு ஆண்டில் அன்றாட வாழ்க்கைத் திறன் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது, கடுமையாக நோய் திரும்பியவர்கள் குறைத்தவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13. கணித மேதை ஜான் நாஷ் 1970-க்குப் பிறகு மருந்து எடுக்காமலேயே மெல்ல மீண்டு, 1994-இல் நோபல் பரிசு வாங்கினார். 2001-இல் அவரைப் பற்றி வந்த ஹாலிவுட் படத்தில் மட்டும் அவர் புதிய மருந்துகள் சாப்பிடுவதாக வசனம் வைத்தார்கள், பார்ப்பவர்கள் மாத்திரையை விட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில். பயம் நியாயமானது. நாஷ் மாதிரி மீளப்போகிறவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை வழியில்லை. ஆனால் நோயாளிகளிடம் உண்மையை மறைத்து அவர்களைக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. தன் டாக்டர் குறைக்கும் பேச்சையே எடுக்க மாட்டார் என்று தெரிந்தவர்தான் யாருக்கும் சொல்லாமல் ஒரே நாளில் மொத்தமாக நிறுத்துகிறார், அதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வழி.

மறைப்பது நம் சமையலறையிலும் நடக்கிறது. நிறமும் வாசனையும் இல்லாத சொட்டு மருந்தைக் காபியிலோ ரசத்திலோ கலந்து கொடுப்பது நம் ஊரில் புதிதல்ல. நோயாளி மறுக்கும்போது குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று சென்னையில் சீனிவாசனும் தாராவும் ஆராய்ந்து 2002-இலேயே எழுதியிருக்கிறார்கள். இரவெல்லாம் தூங்காமல் கத்தியோடு கதவருகே உட்கார்ந்திருக்கும் மகனுக்கு, வேறு வழியே தெரியாத தாய் அதைச் செய்தால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதான் அந்த மகனின் மிகப் பழைய பயம். ஒருநாள் அது தெரியவந்தால், அவன் சந்தேகம் நிஜமாகிவிடுகிறது. அதன்பின் அம்மா கையால் சோறு வாங்குவதே நின்றுபோகலாம். மருந்துக் கம்பெனி மாறி, போன மாசம் வெள்ளையாக இருந்த மாத்திரை இந்த மாசம் மஞ்சளாக வந்தால்கூட எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது.

மாதம் ஒருமுறை போடும் ஊசிகள் இந்தத் தினச் சண்டையிலிருந்து சிலரை விடுவிக்கின்றன. “மாத்திரை போட்டியா?” என்று சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கேட்கும் வீட்டில், அந்தக் கேள்வி இல்லாமல்போவதே பெரிய நிம்மதி. வேறு சிலருக்கு ஊசி என்றால் நாலு பேர் பிடித்துக்கொள்ளப் போட்ட அந்த முதல் ஊசியின் நினைவு.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். 18 வயது நிறைந்த எவரும் தெளிவாக இருக்கும்போதே, பின்னால் நோய் முற்றினால் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று எழுதிவைக்க அது உரிமை தருகிறது. தன் சார்பில் பேச ஒருவரைத் தானே நியமிக்கலாம், அவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவசரச் சிகிச்சைக்கு இப்படி எழுதிவைத்தது பொருந்தாது. எழுதிவைத்திருப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை, மனநல மருத்துவமனைச் சுவர்களில் இதைப் பற்றி ஒரு தாள் ஒட்டியிருப்பதையும் அரிதாகவே பார்க்கிறேன். ஹாலோபெரிடால் போட்டால் கால் நிற்க மாட்டேன் என்கிறது, ரிஸ்பெரிடோன் குறைந்த அளவில் ஒத்துக்கொண்டது, சாப்பாட்டில் கலந்து தராதீர்கள், ஊசி என்றால் முதலில் சொல்லிவிட்டுப் போடுங்கள், அண்ணனைக் கேளுங்கள், அப்பாவை வேண்டாம் என்று இந்த அளவுக்கு விவரமாக அதில் எழுதலாம். எழுத உட்காரும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.